காலக்கெடு தவறியது கவனக்குறைவா? மாற்றுத்திறனாளிக் கண்டுபிடிப்பாளர்களும் காப்புரிமையும்

பல்சக்கரம் எழுதியது:

நான்கு மாதமாகத் திறக்காமல் வைத்திருந்த ஒரு மின்னஞ்சலை நேற்றிரவுதான் திறந்தேன். தேதியைப் பிடித்துவைப்பதற்காக நான் போட்டிருந்த தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பத்துக்குப் பின் முழு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்ய 12 மாத அவகாசம் இருந்தது. அது முடிந்து நேற்றோடு 19 நாள் ஆகிவிட்டது.

எனக்கு ஏடிஎச்டி (கவனத்தை நிலைநிறுத்துவதில் சிரமம்) இருக்கிறது, டிஸ்லெக்ஸியாவும் (வாசிப்பில் சிரமம்) உண்டு. இரண்டும் முப்பது வயதைக் கடந்த பிறகுதான் கண்டறியப்பட்டன. ஒரு பொறியின் பற்கள் எங்கே உராயும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். ஆனால் ‘உரிமைக்கோரல்கள்’ என்று தலைப்பிட்ட பக்கத்தை, அதாவது கண்டுபிடிப்பில் எது என் உரிமை என்று வரையறுக்கும் பகுதியை, நான்காவது முறை வாசிக்கும்போதும் முதல் வரி மூன்றாம் வரியோடு கலந்துவிடுகிறது. அந்த மின்னஞ்சலின் தலைப்பைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கும். மூடிவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவேன். அந்த 12 மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. கருவியை ஏழு முறை கழற்றி மாற்றிச் செய்திருக்கிறேன்.

கருவி என்னவென்று இங்கே எழுதமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கான ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்று காலை ஒரு காப்புரிமை அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் காரணத்தைச் சொன்னேன். “அது உங்களுக்கு முன்பே தெரிந்த நிலைதானே? முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டாமா?” என்று கேட்டார்கள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டதா? எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இன்னொன்றும் கேட்கிறேன்: உடலாலோ மூளையின் இயல்பாலோ வேறுபட்டவர்கள் இந்த முறைக்குள் எப்படி நுழைந்தீர்கள்?


நிழற்கோடு எழுதியது:

காப்புரிமை முகவராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். முடியவில்லை நண்பரே. முதலில் மூச்சு விடுங்கள்.

முதல் விண்ணப்பத்தின் தேதியையே பின்னதற்கும் கோரும் உரிமைதான் முன்னுரிமை. அதற்கான 12 மாதம் 1883ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அந்தக் காலம் கடந்த பிறகும் இரண்டு மாதத்துக்குள் பல நாடுகளுக்கும் சேர்த்து ஒன்றாகப் போடும் பன்னாட்டு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தால், முன்னுரிமையை மீட்டுத் தரும்படி கேட்கலாம். காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் விதி 26பிஸ்.3 அதற்கு இடம் தருகிறது. உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ 40 நாள் இருக்கிறது.

இதில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. ‘உரிய கவனம் செலுத்தியும் தவறிவிட்டது’ என்று காட்டுவது ஒன்று. ‘வேண்டுமென்றே தவறவிடவில்லை’ என்று காட்டுவது மற்றொன்று. முதலாவது கடினம், இரண்டாவது எளிது. எந்த அலுவலகம் எதைக் கேட்கும் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும், சில இரண்டையும் ஏற்கும். மீட்கப்பட்ட முன்னுரிமையை ஒப்புக்கொள்ளாத நாடுகளும் உண்டு. ஆகவே எங்கே தாக்கல் செய்வது என்பதைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள். இந்தக் கருவியை யாரெல்லாம் பார்த்திருக்கிறார்கள்? முன்பே வெளியே தெரிந்துவிட்டது புதிது ஆகாது, அதற்குப் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது. எங்கும் வெளியாகவில்லை என்றால், மிக மோசமான நிலையிலும் புதிதாக ஒரு விண்ணப்பம் போடலாம். இழப்பது பழைய தேதியை மட்டும்தான். அந்த இடைவெளியில் வேறு யாரும் அதையே தாக்கல் செய்யாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவே.


பல்சக்கரம் எழுதியது:

நாற்பது நாள். இதைத் தாளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டேன், நன்றி.

யார் பார்த்தார்கள் என்றால், என் கைப்பயிற்சி சிகிச்சையாளர் பார்த்தார். கை நடுக்கமுள்ள நண்பர்கள் இருவர் சில வாரம் பயன்படுத்தினார்கள். நானும் வேலையிடத்தில் தினமும் பயன்படுத்துகிறேன். எனக்கும் லேசான நடுக்கம் உண்டு.


நிழற்கோடு எழுதியது:

அதற்குத்தான் கேட்டேன். இன்றே அந்த மூவரிடமும் பேசுங்கள். ரகசியமாக வைத்திருக்கும்படி அவர்களிடம் சொல்லித்தான் கொடுத்தீர்களா, எந்தச் சூழலில் கொடுத்தீர்கள் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதி வையுங்கள். நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்.

உதவிக்கருவி செய்பவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பழைய வழக்கு இருக்கிறது. 1855இல் அமெரிக்காவில் ஒருவர் பெண்களின் இடுப்புக்கச்சைக்கு உடையாத எஃகு வில் ஒன்றைக் கண்டுபிடித்து, தம் தோழிக்குக் கொடுத்தார். அந்தத் தோழி அதை உடைக்குள் ஆண்டுக்கணக்கில் அணிந்திருந்தார். 1866இல்தான் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். எக்பர்ட் எதிர் லிப்மன் வழக்கில் 1881இல் உச்ச நீதிமன்றம் அதைப் ‘பொதுப் பயன்பாடு’ என்று கூறிக் காப்புரிமையைச் செல்லாததாக்கிவிட்டது. யார் கண்ணுக்கும் தெரியாமல், ஒரே ஒருவர் அணிந்திருந்த பொருள் அது. நிபந்தனை எதுவும் விதிக்காமல் கொடுத்ததுதான் அங்கே சிக்கலானது.

இதற்கு நேர்மாறாக இன்னொன்று: நிக்கல்சன் என்பவர் தாம் கண்டுபிடித்த மரக்கட்டைச் சாலைத்தளத்தை 1848இல் பாஸ்டனில் சுங்கச் சாலை ஒன்றில் பதித்து, ஏறத்தாழ தினமும் போய்ச் சோதித்துவந்தார். ஆறு ஆண்டு ஊரே அதன்மேல் நடந்தது. ஆனாலும் அது சோதனைப் பயன்பாடு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அவர் சோதித்துக்கொண்டிருந்தார் என்பதற்குச் சான்று இருந்தது. ஆகவே உங்கள் ஏழு மாற்றங்களுக்கும் தேதியோடு குறிப்பு, புகைப்படம், ஒலிப்பதிவு எது இருந்தாலும் திரட்டுங்கள்.


மூன்றாம்சக்கரம் எழுதியது:

வாசித்துக்கொண்டே வந்தவன், அந்தக் கச்சை வழக்கில் நின்றுவிட்டேன்.

சக்கர நாற்காலியில் இருபது ஆண்டாக இருக்கிறேன். நான் செய்யும் எதையும் என் உடம்பில்தான் சோதிக்க முடியும். வேறு ஆய்வகம் எனக்கு இல்லை. பிரேக்கை மாற்றினால் அதோடுதான் தெருவில் இறங்க வேண்டும். நிறுவனத்துப் பொறியாளர் மாதிரியைப் பூட்டிய அறையில் சோதித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். நான் வீட்டுக்குப் போவதே அந்த மாதிரியில்தான். ‘சோதனை முடியும்வரை வெளியே எடுத்துச் செல்லாதீர்கள்’ என்று ஒரு முகவர் எனக்கு அறிவுரை சொன்னார். அப்படியானால் நானும் வெளியே போகக்கூடாது என்றுதான் அதற்குப் பொருள். அதை அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

இந்தத் துறையின் வரலாறே இப்படித்தான் நடந்திருக்கிறது. 1655இல் நியூரம்பர்க்கில் கால் இயங்காத கடிகாரத் தொழிலாளி ஸ்டெஃபான் ஃபார்ஃப்லர் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைத் தமக்காகவே செய்துகொண்டார். 1918இல் சுரங்க விபத்தில் முடங்கிய ஹெர்பர்ட் எவரெஸ்ட், நண்பர் ஹாரி ஜென்னிங்ஸோடு சேர்ந்து 1930களில் உருவாக்கியதுதான் இன்றும் எங்கும் காணும் மடக்கு நாற்காலி. வான் ஃபிலிப்ஸ் 1976இல் காலை இழந்த பிறகே வளைந்து துள்ளும் செயற்கைப் பாதத்தைச் செய்தார். தேவையுள்ளவரே செய்து, தம் உடம்பில் மாட்டிக்கொண்டு வெளியே நடப்பதுதான் இங்கே வழக்கம். வெளியே நடந்தால் புதுமை போய்விடும் என்று சட்டம் சொன்னால், அது யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.


நிழற்கோடு எழுதியது:

உங்கள் கேள்வி நியாயமானது. அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகளில் கண்டுபிடிப்பாளரே வெளிப்படுத்தியிருந்தால் அதிலிருந்து ஓராண்டு சலுகைக் காலம் உண்டு, அதற்குள் விண்ணப்பித்தால் அந்த வெளிப்பாடு புதுமையைக் கெடுக்காது. ஐரோப்பியக் காப்புரிமை ஒப்பந்தத்தில் பொதுவான சலுகைக் காலம் இல்லை. தீய நோக்கோடு பிறர் வெளிப்படுத்தினாலோ, குறிப்பிட்ட பன்னாட்டுக் கண்காட்சியில் வைத்தாலோ மட்டும் ஆறு மாதம். உங்கள் நிலையில் இருப்பவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது. பொருளின் தோற்றத்தைக் காக்கும் வடிவமைப்பு உரிமையைப் பொறுத்தவரை, 2024 நவம்பரில் ஏற்கப்பட்ட ரியாத் ஒப்பந்தம் 12 மாதச் சலுகைக் காலத்தை வைத்திருக்கிறது. காப்புரிமைக்கு உலகளவில் அப்படி ஒன்று இன்னும் இல்லை.


உறுதிக்கோல் எழுதியது:

எதிர்க்கருத்து ஒன்று. கோபப்படாமல் வாசியுங்கள்.

நான் சிறிய தொழிற்கூடம் நடத்துகிறேன். ஒரு காப்புரிமை காலாவதியாகிவிட்டது என்று பதிவேட்டில் பார்த்து, அதை நம்பி அச்சு வார்த்து, ஆள் வைத்து உற்பத்தியைத் தொடங்குகிறேன். ஆறு மாதம் கழித்து ‘எனக்கு உடல்நிலை சரியில்லை, உரிமை மீண்டும் உயிர்பெற்றுவிட்டது’ என்று ஒருவர் வந்தால் என் கதி என்ன? காலக்கெடு கடுமையாக இருப்பது யாரையும் துன்புறுத்துவதற்காக அல்ல. மற்றவர்கள் நம்பித் திட்டமிடுவதற்காக. காப்புரிமை என்பது 20 ஆண்டு பிறரை விலக்கிவைக்கும் உரிமை. அதைக் கேட்பவர் தேதியைக் காப்பாற்ற வேண்டும் என்பது அநியாயமா? முடியாவிட்டால் முகவரை அமர்த்திக்கொள்ளலாமே.


ஒலிவாசகி எழுதியது:

உறுதிக்கோல், உங்கள் கடைசி வரிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். மற்றதற்குச் சட்டம் படித்தவர்கள் வருவார்கள்.

எனக்குப் பார்வை இல்லை. மின்னணுப் பொறியாளர். முகவரை அமர்த்துவதற்கு முன் என் கண்டுபிடிப்பு புதிதா என்று நானே தேடிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வீண் செலவு. தேடத் தொடங்கினேன். புதிய ஆவணங்களில் எழுத்துப் பகுதி திரைவாசிப்பானில் நன்றாகவே வருகிறது. பழையவற்றில் பல வெறும் பக்கப் படங்கள். படமாக இருக்கும் எழுத்தைத் திரைவாசிப்பான் வாசிக்காது, மௌனமாகிவிடும். வரைபடங்களோ பழையதிலும் புதியதிலும் ஒன்றுதான். ‘படம் 3’ என்ற ஒலியோடு முடிந்துவிடும்.

பன்னாட்டு விண்ணப்ப விதி 11ஐ வாசித்துப் பாருங்கள். கோடு கறுப்பாக, அழியாததாக இருக்க வேண்டும், வரைபடத்தில் வரும் எண்ணும் எழுத்தும் 0.32 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, ஓரம் இவ்வளவு விட வேண்டும். தாளில் மில்லிமீட்டர் கணக்கு பார்த்தவர்கள், அந்தப் படத்தைப் பார்க்க முடியாதவருக்கு ஒரு வரி விளக்கம் வேண்டும் என்று எழுதவில்லை.

ஒரு தாக்கல் தளத்தில் படிவத்தை நிரப்பும் நடுவே இருபது நிமிடத்தில் என்னை வெளியேற்றியது. உள்ளே நுழைய மீண்டும் படப்புதிர். இணைய அணுகல்தன்மை நெறிமுறைகளில் நேர வரம்பைப் பயனர் நீட்டிக்க வழி வேண்டும் என்பது அடிப்படை நிலையிலேயே இருக்கிறது. 2023 அக்டோபரில் வந்த 2.2 பதிப்பு, உள்நுழைவதற்கே புதிர் விடுவிக்கச் சொல்லும் முறைக்கும் வரம்பு கட்டுகிறது. அது எனக்கு மட்டுமல்ல, பல்சக்கரம் போன்றவர்களுக்கும்தான்.

காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணைக் கொண்டு தேடினால் சற்று எளிது. என் துறைக்கு ஜி09பி 21/00. அதன் தலைப்பு என்ன தெரியுமா? பார்வையற்றோர், காதுகேளாதோர், வாய்பேசாதோருக்குக் கற்பித்தல் அல்லது அவர்களோடு தொடர்புகொள்ளுதல். கற்பிப்பவரும் தொடர்புகொள்பவரும் எப்போதும் வேறு யாரோ. நாங்கள் மறுமுனையில்.

ஐந்து வயதில் பார்வை இழந்த ரால்ஃப் டீட்டர்தான் காரின் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கருவிக்கு 1950இல் காப்புரிமை பெற்றார். பதினான்கு வயதில் பார்வை இழந்த சியேகோ அசகாவா 1997இல் இணையப் பக்கங்களைக் குரலில் வாசிக்கும் மென்பொருளை ஐபிஎம் நிறுவனத்தில் உருவாக்கினார். டீட்டரின் கருவியைப் பயன்படுத்துபவர்கள் எல்லாரும் பார்வையுள்ள ஓட்டுநர்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.


மெல்லெழுத்து எழுதியது:

என்னால் வாயால் பேச முடியாது. கண்ணசைவால் இயங்கும் தட்டச்சுக் கருவி கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆகவே சுருக்கமாக.

என் கண்டுபிடிப்பைச் செய்தது என் உதவியாளரின் கைகள். வரைந்ததும் அவர். முகவரிடம் பேசியதும் அவர். முகவர் தயாரித்த படிவத்தில் கண்டுபிடிப்பாளர் இடத்தில் அவர் பெயரே முதலில் இருந்தது. உதவியாளர்தான் பதறிப்போய்த் திருத்தினார்.


சட்டவரி எழுதியது:

மெல்லெழுத்து, அதில் சட்டம் தெளிவாக உங்கள் பக்கம். கண்டுபிடிப்பாளர் என்பவர் அந்தக் கருத்தை மனத்தில் முழுமையாக உருவாக்கியவர். பிறர் சொன்னபடி செய்து கொடுத்த கை கண்டுபிடிப்பாளர் ஆகாது. ஆனால் உதவியாளர் ‘இந்த வில்லை இப்படித் திருப்பினால் என்ன?’ என்று சொல்லி, அது உரிமைக்கோரலிலும் இடம்பெற்றால் அவரும் இணைக் கண்டுபிடிப்பாளர் ஆகலாம். ஆகவே யார் எதைச் சொன்னார் என்பது பதிவாக வேண்டும். உங்கள் கருவி தட்டச்சு செய்ததைச் சேமித்துவைத்தால், தேதியோடு கூடிய அந்தப் பதிவே உங்கள் மிகச் சிறந்த சான்று. ஒரு வகையில் எங்களைவிட உங்களிடம் வலுவான ஆவணம் இருக்கிறது.

இனி உறுதிக்கோலுக்கு. நீங்கள் எழுப்பியது உண்மையான கவலை. ஆனால் அதற்குச் சட்டம் ஏற்கெனவே விடை கண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒப்பந்தத்தின் பிரிவு 122இன்படி இழந்த உரிமை மீட்கப்பட்டால், இடைப்பட்ட காலத்தில் நல்லெண்ணத்தோடு அதைப் பயன்படுத்தத் தொடங்கியவர், ஏன், தீவிரமாக ஆயத்தம் செய்தவர்கூட, கட்டணமின்றித் தம் தொழிலில் தொடரலாம். உங்கள் அச்சும் ஆட்களும் பாதுகாப்பாகவே இருப்பார்கள். ஒருவருடைய நிம்மதிக்காக இன்னொருவர் எல்லாவற்றையும் இழந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

என்னைப் பல ஆண்டாக உறுத்துவது வேறு. அதே ஒப்பந்தத்தின் விதி 142ஐப் பாருங்கள். விண்ணப்பதாரர் இறந்துவிட்டால், அல்லது சட்டப்படி செயல்திறன் இழந்தவர் ஆகிவிட்டால், நடவடிக்கை நிறுத்திவைக்கப்படும். அமெரிக்கச் சட்டத்திலும் பிரிவு 117 இறந்தவரையும் சட்டப்படி திறனற்றவரையும் ஒரே வாக்கியத்தில் வைத்து, அவர்களுடைய சட்டப் பிரதிநிதி விண்ணப்பிக்கலாம் என்கிறது. ஆக, சட்டத்துக்கு இரண்டே வகை மனிதர்கள்தான் தெரியும். முற்றிலும் இயலக்கூடியவர் ஒருவர், முற்றிலும் இயலாதவர் மற்றொருவர். ‘நான் இயலக்கூடியவன், ஆனால் இந்த வடிவத்தில் அல்ல’ என்று சொல்பவருக்கு அங்கே நாற்காலி போடப்படவில்லை. பல்சக்கரம் காலை நேரத்தில் தொலைபேசியில் முட்டிக்கொண்டது அந்தச் சுவரில்தான்.

2006இன் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை இந்த இருமையை ஏற்பதில்லை. அதன் 12ஆம் பிரிவு எல்லாருக்கும் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது, அதைச் செயல்படுத்தத் தேவையான ஆதரவை அரசு தர வேண்டும் என்கிறது, சொத்து வைத்திருக்கும் உரிமையையும் தனியே பெயர்சொல்லி உறுதிசெய்கிறது. காப்புரிமையும் சொத்துதான். ஒருவருக்குப் பதிலாக முடிவெடுப்பதை விட்டு, அவரே முடிவெடுக்க ஆதரவு தர வேண்டும் என்று 2014இல் அந்த உடன்படிக்கையின் குழு தன் முதல் பொதுக் கருத்துரையில் விளக்கியது. அந்தச் சிந்தனை காப்புரிமை விதிகளுக்குள் இன்னும் நுழையவில்லை.


உறுதிக்கோல் எழுதியது:

பிரிவு 122இல் அந்த வசதி இருப்பது எனக்குத் தெரியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காலவரையின்றி எதையும் திறந்துவைக்க முடியாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை.


சட்டவரி எழுதியது:

யாரும் அப்படிக் கேட்கவில்லை. மீட்கக் கோருவதற்கே அங்கே இறுதி வரம்பு உண்டு, தவறிய நாளிலிருந்து ஓராண்டு. முன்னுரிமைக்கு இரண்டு மாதம்தான். வரம்பு இருக்கட்டும். வரம்புக்குள் வந்தவரிடம் என்ன கேட்கிறோம் என்பதில்தான் சிக்கல். ‘உரிய கவனம்’ என்ற அளவுகோலில், நன்றாக இயங்கும் கண்காணிப்பு முறையில் ஒரே ஒருமுறை நேர்ந்த தவறு மன்னிக்கப்படும். எதிர்பாராமல் வந்த நோயும் மன்னிக்கப்படலாம். ஆனால் தினமும் கூடவே இருக்கும் நிலைக்கு ‘எதிர்பாராதது’ என்ற தகுதி கிடைப்பதில்லை. விபத்தில் கை முறிந்தவருக்கு இரக்கம் உண்டு, பிறவியிலேயே கை நடுங்குபவருக்கு ‘முன்பே தெரியுமே’ என்ற பதில். பன்னாட்டு விதி 82குவாட்டர் போர், இயற்கைச் சீற்றம், வேலைநிறுத்தம், பெருந்தொற்று, இணையத் தொடர்பு முடங்குதல் எல்லாவற்றையும் மன்னிக்கிறது. உலகத்துக்கு நேர்ந்தால் காரணம். ஒருவருக்குள் நேர்ந்தால் கவனக்குறைவு.


படவரி எழுதியது:

மூன்று நாள் இந்த இழையை வாசித்துவிட்டு எழுதுகிறேன். உடனடியாகப் பதில் எழுத என்னால் இயலாது. நான் ஆட்டிசம் உள்ளவன், தொழிலால் வரைவாளர்.

நான் சொற்களில் சிந்திப்பதில்லை. கருவி எனக்குள் சுழலும், அதைச் சுற்றி நடந்து எந்தப் பக்கத்திலிருந்தும் பார்ப்பேன். பிறகு அதைச் சொற்களாக மாற்ற வேண்டும், அதுவும் ஒவ்வோர் உரிமைக்கோரலும் ஒரே வாக்கியமாக. அமெரிக்க நடைமுறையில் அது ஒரே வாக்கியமாகத்தான் இருந்தாக வேண்டும். அரைப்பக்கம் நீளும் வாக்கியத்தில் எது எதோடு பொருந்துகிறது என்பதைத் தேடுவதற்குள் என் கருவியே எனக்கு அந்நியமாகிவிடுகிறது.

வரைபடத்திலாவது எழுதலாம் என்றால், மிகவும் இன்றியமையாத ஓரிரு சொல் தவிர வேறு எழுத்து கூடாது. உறுப்புக்கு எண்தான் தர வேண்டும். 114 என்றால் பிடி, 116 என்றால் வில். படத்தில் 114 என்று பார்த்து, பக்கம் புரட்டி, அது பிடி என்று அறிந்து, திரும்பி வருவதற்குள் 116 மறந்துவிடும். பல்சக்கரத்துக்கும் இதே துன்பம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் செய்துகொண்ட வழி: தாக்கல் செய்யும் படம் ஒன்று, எனக்கான படம் ஒன்று. என் படத்தில் ஒவ்வோர் உறுப்பும் ஒரு நிறம், அதே நிறத்தில் உரிமைக்கோரலின் சொற்களும். கோரலை வாக்கியமாக வாசிக்காமல் மரக்கிளை போலப் பிரித்து வரைகிறேன். எந்தக் கிளை எந்தக் கிளையிலிருந்து தொங்குகிறது என்பது தெரிந்துவிட்டால், முகவர் எழுதியதில் பிழை எங்கே என்று என்னால் சொல்ல முடிகிறது. இரண்டு முறை கண்டுபிடித்துமிருக்கிறேன்.

நான் தேடிக் கண்ட ஒரு நல்ல செய்தி. 2000ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்ட ஒப்பந்தம், தாக்கல் தேதி பெறுவதற்கு உரிமைக்கோரல்களே தேவையில்லை என்கிறது. விவரிப்புபோலத் தோற்றமளிக்கும் ஒரு பகுதி இருந்தால் போதும், அது எந்த மொழியிலும் இருக்கலாம். அதைவிட, விவரிப்புக்குப் பதிலாக ஒரு வரைபடத்தையே உறுப்பு நாடு ஏற்றுக்கொள்ளலாம் என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. ‘ஏற்றுக்கொள்ளலாம்’ என்றுதான் இருக்கிறது, ‘வேண்டும்’ என்று இல்லை. ஆனாலும் அதை வாசித்த அன்று, என் மொழி எது என்று யாரோ ஒருவர் ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருக்கிறார் என்று தோன்றியது.


ஒலிவாசகி எழுதியது:

படவரி, என்னைப் போன்றவர்களுக்கு உங்கள் மரக்கிளையை எழுத்து உள்தள்ளலாகத் தர முடியும். கோரலை வரிவரியாகப் பிரித்து, சார்ந்திருப்பதை உள்ளே தள்ளினால் திரைவாசிப்பான் நிலையைச் சொல்லிவிடும். நீங்கள் நிறத்தில் செய்வதை நான் செவியில் செய்துகொள்வேன்.


மூன்றாம்சக்கரம் எழுதியது:

ஒரு கணக்கு என் மனத்தில் கிடக்கிறது. உலக அறிவுசார் சொத்து நிறுவனம் 2021இல் உதவித் தொழில்நுட்பம் பற்றிப் பெரிய அறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2020 வரை வெளியான 1,30,000க்கும் மேற்பட்ட காப்புரிமைகளை அதில் அலசியிருக்கிறார்கள். அவற்றில் எத்தனை நம்மைப் போன்றவர்களின் பெயரில் இருக்கின்றன என்று எண்ண வழியில்லை, ஏனென்றால் விண்ணப்பப் படிவம் அதைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை.

2013இல் மராக்கேஷ் ஒப்பந்தம் வந்தது. அச்சு நூலை வாசிக்க இயலாதவர்களுக்காகப் பதிப்புரிமைக்கு விதிவிலக்கு. அதற்காகப் போராடியவர்களை வணங்குகிறேன். அங்கே நாம் வாசகர்கள், பிறர் படைத்ததைப் பெறுபவர்கள். நாமே படைத்து அதை உடைமையாக்கிக்கொள்ள வரும்போது தடை எது என்று கேட்ட ஒப்பந்தம் இன்னும் எழுதப்படவில்லை.


நிழற்கோடு எழுதியது:

என் தொழிலில் நானே தாமதமாகக் கற்றதைச் சொல்லவேண்டும். பல ஆண்டு நான் வாடிக்கையாளருக்கு இருபது கேள்வியை ஒரே கடிதத்தில் அனுப்பினேன். பதில் வராவிட்டால் நினைவூட்டல், பிறகு கடுமையான நினைவூட்டல். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் “ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு கேள்வி மட்டும் அனுப்ப முடியுமா?” என்று கேட்டார். அனுப்பினேன். அதுவரை இரண்டு மாதம் இழுத்தது நான்கு நாளில் முடிந்தது. அதன்பிறகு கண்டுபிடிப்பை எழுதித் தரும்படி யாரையும் நான் கட்டாயப்படுத்தவில்லை. கையில் பிடித்துக் காட்டி, பேசி, காணொளி அனுப்பினாலும் சரி, எழுதுவது என் வேலை. விண்ணப்பத்தை ஆராயும் அலுவலகப் பரிசோதகருடனான நேர்காணலில் ஒருவருக்கு எழுத்துவழி வசதி, இன்னொருவருக்கு முகம் பார்த்துப் பேசுவது வசதி. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பலரும் பயன்படுத்தாத வசதிகள் உண்டு. அமெரிக்க அலுவலகத்தில் கண்டுபிடிப்பாளர் 65 வயதை எட்டியவர் என்றாலோ, உடல்நிலை காரணமாக வழக்கமான காலம்வரை ஒத்துழைக்க முடியாமல் போகலாம் என்றாலோ, வரிசையில் முன்னே எடுத்துப் பரிசோதிக்கும்படி கட்டணமின்றி மனுச் செய்யலாம். வசதி குறைந்த கண்டுபிடிப்பாளர்களுக்கு இலவசமாக முகவரைத் தரும் உதவித் திட்டத்தை உலக அறிவுசார் சொத்து நிறுவனம் சில நாடுகளில் நடத்துகிறது. பிரிட்டனில் ஐபி இன்க்ளூசிவ் அமைப்பின்கீழ் ஐபி எபிலிட்டி என்று, இத்தொழிலில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளின் குழு ஒன்று இயங்குகிறது. முகவர் தேடும்போது அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுப்பாருங்கள். விளக்க வேண்டிய பாதி அங்கே மிச்சமாகும்.

பல்சக்கரம், மருத்துவச் சான்றைக் கோப்பில் இணைப்பதற்கு முன் பொறுங்கள். காப்புரிமைக் கோப்பு பின்னர் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடியது. ஐரோப்பிய அலுவலகத்தில் மருத்துவச் சான்றைப் பொதுப்பார்வையிலிருந்து விலக்கிவைக்க வழியுண்டு, பன்னாட்டு விதிகளிலும் தனிப்பட்ட நலனைப் பாதிக்கும் விவரத்தை வெளியிடாமல் இருக்க இடமிருக்கிறது. ஆனால் அதை முதலிலேயே கேட்க வேண்டும். ‘வேண்டுமென்றே அல்ல’ என்ற அளவுகோலை ஏற்கும் அலுவலகமாக இருந்தால், நோயின் பெயரே இல்லாமல் எழுத முடியலாம்.


பல்சக்கரம் எழுதியது:

ஐந்து வாரமாக இந்தப் பக்கம் வரவில்லை. வராததற்குக் காரணம் இந்த முறை நல்லது.

நேற்று தாக்கல் செய்துவிட்டேன். சுவரில் இன்னும் நான்கு நாள் மிச்சம் இருந்தது. முகவர் ஒருவர் கிடைத்தார். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரு கேள்வி என்று முதல் நாளே சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார். படவரியின் நிற முறையை அவருக்குக் காட்டினேன். உரிமைக்கோரலின் வரைவை அவரே நிறம் தீட்டி அனுப்பினார். அதை வாசிக்கும்போது நான்காம் கோரலில் வில்லும் பிடியும் இடம் மாறியிருப்பதைக் கண்டேன். முதல்முறையாக, என் கருவியைப் பற்றி நான் வாசித்து ஒரு பிழையைப் பிடித்தேன்.

சிகிச்சையாளரும் நண்பர்களும் தங்களுக்கு நினைவிருப்பதை எழுதித் தந்தார்கள். அவர்களிடம் ‘யாரிடமும் காட்டாதீர்கள்’ என்று நான் சொல்லித்தான் கொடுத்திருக்கிறேன். எனக்கு மறந்துவிட்டது, அவர்களுக்கு நினைவிருந்தது. ஏழு மாற்றங்களில் ஐந்துக்குத் தேதியோடு புகைப்படம் கிடைத்தது.

மீட்புக் கோரிக்கையில் ஏடிஎச்டி என்ற சொல்லை எழுதவா வேண்டாமா என்று இரண்டு இரவு யோசித்தேன். எழுதவில்லை. எனக்கு வெட்கமில்லை, இங்கே முதல் பதிவிலேயே சொன்னவன்தான். ஆனால் என் கருவியைத் தேடி அந்தக் கோப்பைத் திறக்கும் ஒருவர் முதலில் காண்பது கருவியாக இருக்கட்டும் என்று பட்டது. முடிவு வர நாளாகும்.


நிழற்கோடு எழுதியது:

நிறைந்த மகிழ்ச்சி. ஒன்றை மறக்காதீர்கள். பன்னாட்டு விண்ணப்பத்தை ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியே தொடர்வதற்கான 30 மாதம் உங்கள் பழைய முன்னுரிமைத் தேதியிலிருந்து எண்ணப்படும், நேற்றைய தேதியிலிருந்து அல்ல. 14 மாதம் ஏறத்தாழ கழிந்துவிட்டது.


படவரி எழுதியது:

பல்சக்கரம், அந்தத் தேதியை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். தேதிகள் எனக்கு மறப்பதில்லை. மூன்று மாதம் முன்பு ஒருமுறை, ஒரு மாதம் முன்பு ஒருமுறை, கடைசி வாரத்தில் தினமும் எழுதுகிறேன். ஒரு செய்தியில் ஒரே வரிதான் இருக்கும்.


மெல்லெழுத்து எழுதியது:

என் தேதியையும் அனுப்பலாமா?


படவரி எழுதியது:

அனுப்புங்கள்.